யாருடைய ஆசை?

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நானும் என் பேத்தியும் ஒரு பழைய அமெரிக்கப் படம் பார்த்தோம். 1939-ஆம் வருஷத்தில் வந்த 'தி விசார்ட் ஆஃப் ஓஸ்.' டாரதி என்ற சிறுமியை அவள் வீட்டோடும் நாய்க்குட்டியோடும் ஒரு சூறாவளி தூக்கிக்கொண்டு போய், மந்திரக்காரிகள் வாழும் தேசத்தில் போட்டுவிடுகிறது. வைக்கோல் பொம்மை ஒன்றும், தகர மனிதன் ஒருவனும், பயந்தாங்கொள்ளிச் சிங்கம் ஒன்றும் துணைக்கு வர, அவள் ஊர் திரும்ப வழி தேடுகிறாள். பேத்திக்கு ஒன்பது வயது. சிங்கம் அழுதபோது சிரித்தாள். பச்சை முகக் கிழவி வந்தபோது என் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் பார்த்துக்கொண்டிருந்தது அந்த டாரதியை. எத்தனையாவது தடவையோ! படத்தின் ஆரம்பத்தில், பண்ணைவீட்டு முற்றத்தில் நின்றுகொண்டு அவள் வானவில்லைப் பற்றி ஒரு பாட்டுப் பாடுவாள். அந்தக் குரலில் வயதுக்கு மீறிய ஏக்கம் ஒன்று உண்டு. அதற்காகவே நான் திரும்பத் திரும்ப அந்தப் படத்துக்குப் போகிறேன்.

படம் முடிந்ததும், "தாத்தா, அந்த அக்கா ஸ்கூலுக்கெல்லாம் போவாங்களா?" என்று கேட்டாள் பேத்தி.

"போனாங்க. சினிமாக் கம்பெனிக்கு உள்ளேயே ஒரு ஸ்கூல் இருந்தது."

கொஞ்சம் யோசித்தாள். "அவங்களுக்கே நடிக்க இஷ்டமா, இல்லே அவங்கம்மா சொன்னாங்கன்னு நடிச்சாங்களா?"

"இஷ்டப்பட்டுத்தான்" என்று சொல்லிவிட்டு நான் எழுந்து போய்விட்டேன்.

மூன்று நாளாயிற்று. அந்தப் பதில் என்னைக் குடைந்துகொண்டே இருக்கிறது. அது பொய் என்று சொல்ல முடியவில்லை. மெய் என்றும் துணிந்து சொல்ல முடியவில்லை. குழந்தை சும்மா கேட்கவில்லை என்பதும் எனக்குத் தெரியும். தொலைக்காட்சியில் குழந்தைகளுக்கான பாட்டுப் போட்டி ஒன்றுக்கு அவளை அனுப்பலாமா என்று வீட்டில் பத்து நாளாகப் பேச்சு நடக்கிறது. அவள் நன்றாகப் பாடுவாள். வீட்டுக்கு யார் வந்தாலும், காபி வருவதற்கு முன்னால், "அந்தப் பாட்டைப் பாடிக் காட்டும்மா" என்று சொல்லுகிறவன் நான்தான்.

டாரதியாக நடித்தவள் ஜூடி கார்லண்ட். அது அவள் பெற்றோர் வைத்த பெயர் அல்ல. 1922-ஆம் வருஷம் ஜூன் 10-ஆம் தேதி, மின்னசோட்டா மாநிலத்தில் கிராண்ட் ராப்பிட்ஸ் என்ற சிற்றூரில் பிறந்தபோது அவள் பிரான்சிஸ் எதல் கம். தகப்பனும் தாயும் மேடையில் ஆடிப் பாடிப் பிழைத்தவர்கள். பிறகு அந்த ஊரில் ஒரு சினிமாக் கொட்டகை நடத்தினார்கள். மூத்த பெண்கள் இருவரும் மேடையில் பாடுவார்கள். 1924 டிசம்பரில், இரண்டரை வயதில், இளையவளையும் மேடையில் ஏற்றிவிட்டார்கள். கிறிஸ்துமஸ் சமயத்தில் பாடும் மணியோசைப் பாட்டு ஒன்றைப் பாடினாள். ஜனங்கள் கை தட்டினார்கள். மறுபடியும் பாடினாள். மறுபடியும் கை தட்டினார்கள். மறுபடியும் பாடினாள். இறங்க மாட்டேன் என்று ஒரே பிடிவாதம். கடைசியில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போக வேண்டியதாயிற்று.

இந்தக் கதையை ஹாலிவுட்டில் எல்லோரும் ஆசையாகச் சொல்லுவார்கள். 'பார்த்தீர்களா, பிறவிக் கலைஞர்! யாரும் அவளைத் தள்ளவில்லை. இழுத்துத்தான் இறக்க வேண்டியிருந்தது' என்பது அதன் பொருள். நானும் இப்படித்தான் பொருள் செய்துகொண்டிருந்தேன். பேத்திக்குச் சொன்ன பதில் இந்தக் கதையிலிருந்து வந்ததுதான்.

1926-இல் குடும்பம் கலிபோர்னியாவுக்குப் போயிற்று. அம்மா எதல் பியானோ வாசிப்பாள். மூன்று பெண்களும் பாடுவார்கள். ஊர் ஊராகப் போனார்கள். 1934-இல் சிகாகோவில் பாடியபோது 'கம்' என்ற குடும்பப் பெயர் மேடைக்குப் பொருந்தவில்லை என்று 'கார்லண்ட்' ஆக்கினார்கள். 'ஜூடி' என்ற பெயரை மட்டும் அவளே ஒரு பாட்டிலிருந்து எடுத்துக்கொண்டாள். அந்தப் பிள்ளைப்பிராயத்தில் அவளாகத் தேர்ந்தெடுத்துக்கொண்டது என்று நிச்சயமாகச் சொல்லக்கூடியது அது ஒன்றுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

1935-இல் எம்.ஜி.எம். படக் கம்பெனி அவளை ஒப்பந்தம் செய்துகொண்டது. வயது பதின்மூன்று. அந்த நவம்பரில் தகப்பனார் மூளைக்காய்ச்சலில் விழுந்தார். 16-ஆம் தேதி இரவு அவள் வானொலியில் பாட வேண்டியிருந்தது. ஆஸ்பத்திரியில் அப்பாவின் கட்டில் பக்கத்தில் ரேடியோவை வைத்தார்கள். அவள் பாடினாள். மறுநாள் அவர் போய்விட்டார். அன்றிலிருந்து அவளுக்கு வீடு என்றால் அம்மாவும் கம்பெனியும்தான்.

கம்பெனிக்கு அவள் குரல் பிடித்தது, உடம்பு பிடிக்கவில்லை. குள்ளம், பருமன் என்றார்கள். முதலாளி லூயி பி. மேயர் அவளைக் 'குட்டிக் கூனி' என்று கூப்பிடுவாராம். செல்லமாகத்தானாம்! சாப்பாட்டு அறையில் எதைக் கேட்டாலும் கோழி சூப்தான் வரும் என்று அவளே பின்னாளில் சொல்லியிருக்கிறாள். டாரதி சின்னப் பெண். நடிக்கிறவளுக்கோ பதினாறு வயது. ஆகவே மார்பை இறுகக் கட்டிப் படம் எடுத்தார்கள். மிக்கி ரூனி என்ற பையனோடு அவள் ஜோடி சேர்ந்த படங்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடின. களைப்புத் தெரியாமல் இருக்க மாத்திரை. பிறகு தூங்குவதற்கு ஒரு மாத்திரை. நாலு மணி நேரத்தில் எழுப்பி மறுபடியும் அந்த முதல் மாத்திரை. இதையும் அவளேதான் சொன்னாள். ரூனி இதை மறுத்தார்; கம்பெனி அப்படியெல்லாம் கொடுக்கவில்லை என்றார். அவள் வரலாற்றை எழுதிய ஜெரால்டு கிளார்க்கோ, அவளுக்குப் பத்து வயது ஆவதற்கு முன்பே தாய் மாத்திரை கொடுத்துப் பழக்கினாள் என்கிறார். ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். அந்த நாளில் அவை மருந்துக்கடையில் கிடைத்த மாத்திரைகள். அவற்றின் விஷம் பெரும்பாலோருக்குத் தெரியாது. நம் வீடுகளில்கூட அழுகிற குழந்தைக்கு எதை எதையோ புகட்டியவர்கள் இருந்திருக்கிறார்கள்.

'தி விசார்ட் ஆஃப் ஓஸ்' படத்துக்கு அவள் சம்பளம் வாரத்துக்கு 500 டாலர். அதே 1939-இல் கலிபோர்னியாவில் ஒரு சட்டம் வந்தது. அதன் கதையையும் சொல்லிவிட வேண்டும். சாப்ளினோடு 'தி கிட்' படத்தில் கண்ணாடியை உடைத்துவிட்டு ஓடிய அந்தப் பொடியன் ஜாக்கி கூகன், சிறுவயதிலேயே முப்பது நாற்பது லட்சம் டாலர் சம்பாதித்தவன். வயது வந்ததும் 'என் பணம் எங்கே?' என்று கேட்டான். தாயும் மாற்றாந்தகப்பனும் செலவழித்திருந்தார்கள். 1938-இல் வழக்குப் போட்டான். கையில் வந்தது 1,26,000 டாலர். அந்த வழக்கின் விளைவாகப் பிறந்த சட்டத்துக்கு அவன் பெயரே நின்றுவிட்டது. குழந்தையின் வரும்படியில் ஒரு பங்கை அதன் பெயரில் ஒதுக்கி வைக்க வேண்டும் என்பது சாரம். அதிலும் ஓட்டைகள் இருந்தன. குழந்தை சம்பாதித்தது குழந்தைக்கே சொந்தம், அதில் நூற்றுக்கு 15 கட்டாயமாக ஒதுக்க வேண்டும் என்று 2000-ஆம் வருஷத்தில்தான் இறுக்கினார்கள்.

நல்ல சட்டம். ஆனால் அது கேட்ட கேள்வி, 'பணம் யாருடையது?' என்பது. என் பேத்தி கேட்டது, 'ஆசை யாருடையது?' என்று. இதற்கு எந்த சட்டசபையும் விடை எழுதியதாகத் தெரியவில்லை.

இந்த இடத்தில் நான் எனக்கே எதிர்வாதம் செய்துகொள்கிறேன். எந்தக் குழந்தையின் ஆசைதான் அதனுடையது? என் தகப்பனார் என்னைக் கேட்டா எனக்குத் தமிழ் சொல்லிக் கொடுத்தார்? எழுதப் படிக்கத் தெரியாத வயதில் மடியில் உட்காரவைத்துக் கதை சொன்னார். அதனால் நான் கதை எழுதுகிறவன் ஆனேன். இன்று எழுதுவதை விட்டுவிடு என்று யாராவது சொன்னால் என்னால் முடியாது. இந்த ஆசை என்னுடையதில்லை, என் அப்பா நட்டது என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். நட்டவர் அவர், ஆனால் மரம் என்னுடையது. குழந்தையைக் கேட்டுவிட்டுத்தான் எதையும் கற்பிப்பது என்று வைத்துக்கொண்டால், கேள்வியைப் புரிந்துகொள்ளும் மொழியைக்கூடக் கற்பிக்க முடியாது. முதல் ஆசையை யாரும் தேர்ந்தெடுத்ததில்லை.

அப்படியானால் எதல் செய்ததில் தவறு ஏது? அவளும் தனக்குத் தெரிந்த ஒரே வித்தையைத்தான் தன் பெண்களுக்குக் கொடுத்தாள். சமையல்காரன் மகன் கரண்டி பிடிப்பதுபோல, பாட்டுக்காரி மகள் பாடினாள்.

நெடுநேரம் யோசித்தபின் எனக்கு ஒரு வித்தியாசம் தென்பட்டது. நட்டதில் இல்லை அந்த வித்தியாசம். 'எனக்கு வேண்டாம்' என்று குழந்தை சொன்னால் யாருக்கு நஷ்டம் என்று பார்க்க வேண்டும். நான் எழுதுவதை நிறுத்தியிருந்தால் என் தகப்பனார் ஒரு பெருமூச்சு விட்டிருப்பார், அவ்வளவுதான். உலை கொதிப்பது நின்றிருக்காது. ஜூடி பாட்டை நிறுத்தினால்? வீட்டு வாடகை நிற்கும். நூற்றுக்கணக்கான பேர் வேலை செய்யும் படப்பிடிப்பு நிற்கும். நியூயார்க்கில் பங்குக்காரர்கள் கணக்குக் கேட்பார்கள். அத்தனை பேருடைய சோறும் ஒரு பெண்ணின் தொண்டையில் தொங்கிக்கொண்டிருந்தது. 'வேண்டாம்' என்று சொல்ல வழியே இல்லாத இடத்தில் 'வேண்டும்' என்ற சொல்லுக்கு என்ன மதிப்பு? அவள் விரும்பிப் பாடியிருக்கலாம். விரும்பித்தான் பாடினாள் என்றே நான் நம்புகிறேன். ஆனால் அந்த விருப்பத்தைச் சாட்சிக்கூண்டில் ஏற்றி, பெரியவர்கள் தங்கள் விடுதலைக்கு அதை வாதாட வைக்க முடியாது.

அவள் 'வேண்டாம்' என்று சொல்லத்தான் செய்தாள். வாயால் சொல்லத் தெரியவில்லை, உடம்பால் சொன்னாள். படப்பிடிப்புக்கு வராமல் இருந்தாள். நோயில் விழுந்தாள். தன்னைத்தானே மாய்த்துக்கொள்ளவும் துணிந்தாள். கம்பெனி அவளைப் பலமுறை இடைநீக்கம் செய்தது. 1950 செப்டம்பரில் ஒப்பந்தம் முறிந்தது. பதின்மூன்று வயதில் உள்ளே போனவள் இருபத்தெட்டு வயதில் வெளியே வந்தாள்.

ஷெர்லி டெம்பிளைக் காட்டி என்னை மடக்குகிறவர்கள் உண்டு. அந்தக் குழந்தை நன்றாகத்தானே வாழ்ந்தது என்பார்கள். உண்மைதான். 1930-களில் அமெரிக்காவே கொண்டாடிய அந்தச் சுருட்டை முடிக்காரி வளர்ந்து, 1974-இல் கானாவுக்கும் 1989-இல் செக்கோஸ்லோவாகியாவுக்கும் தூதராகப் போனார். 2014-இல் எண்பத்தைந்து வயதில், குடும்பத்தோடு வாழ்ந்து மறைந்தார். ஆனால் அவர் எழுதிய சுயசரிதையையும் படிக்க வேண்டும். மூன்று நாலு வயதில் குறும்படங்களில் நடித்தபோது, சொன்னபடி கேட்காத குழந்தையை ஓர் இருட்டுப் பெட்டிக்குள் பனிக்கட்டியின்மேல் உட்காரவைத்த கதை அதில் இருக்கிறது. அவர் வயதில் ஒரு வருஷத்தைக் குறைத்தே ஊருக்குச் சொல்லிவந்தார்கள், அவருக்கும் அப்படியே. பன்னிரண்டாவது பிறந்தநாள் என்று நினைத்திருந்த அன்று, 'உனக்குப் பதின்மூன்று ஆகிவிட்டது' என்றாள் அம்மா. முப்பது லட்சம் டாலருக்கு மேல் சம்பாதித்தவருக்கு மிஞ்சியது சுமார் 44,000. ஆற்றில் தள்ளிவிடப்பட்டவன் நீந்திக் கரையேறினால் அது அவன் கைகளின் பெருமை. தள்ளியவனுக்கு அதில் பங்கு கொடுக்கலாமா?

இருந்தாலும் ஜூடியின் கதையில் எனக்குப் பிடிபடாத ஒரு பகுதி இருக்கிறது. கம்பெனியை விட்டு வந்த மறு வருஷமே அவள் மேடைக்குத் திரும்பினாள். 1951 அக்டோபரில் நியூயார்க் பாலஸ் தியேட்டரில் ஆரம்பித்த கச்சேரி 19 வாரம் நடந்தது. 1954-இல் 'எ ஸ்டார் இஸ் பார்ன்.' அதற்கு அடுத்த மார்ச்சில், ஆஸ்கார் பரிசு அவளுக்குத்தான் என்று எதிர்பார்த்து, பிள்ளை பெற்றுப் படுத்திருந்த ஆஸ்பத்திரி அறையில் தொலைக்காட்சிக்காரர்கள் காமிராவும் விளக்கும் கட்டினார்கள்; பரிசு வேறொருத்திக்குப் போனதும் எல்லாவற்றையும் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். 1961 ஏப்ரல் 23-ஆம் தேதி கார்னகி ஹாலில் பாடினாள். அன்று அங்கே பதிவான இசைத்தட்டைக் கேட்டுப் பாருங்கள். ஜனங்கள் விடவில்லை, அவளும் விடவில்லை. இரண்டரை வயதில் இறங்க மறுத்த அதே குழந்தை அங்கே நிற்கிறது. அப்போது அவளை யாரும் கட்டாயப்படுத்தவில்லை. கடன் இருந்தது, வரிப் பாக்கி இருந்தது, அதெல்லாம் உண்மை. ஆனால் கடனுக்காக மட்டும் ஒரு மனுஷி அப்படிப் பாட முடியாது. அந்த ஆசை அவளுடையதுதான். அன்பும் கைதட்டலும் வேறு வேறு என்று பிரித்துப் பார்க்கத் தெரியாத வயதில் இரண்டையும் ஒரே தட்டில் வைத்து ஊட்டிவிட்டார்கள். பிற்பாடு அவளால் பிரிக்க முடியவில்லை. 1969 ஜூன் 22-ஆம் தேதி, தூக்க மாத்திரை அளவுக்கு மீறிப்போய், லண்டனில் இறந்தாள். வயது நாற்பத்தேழு. நியூயார்க்கில் அவள் உடலைப் பார்க்கச் சுமார் 20,000 பேர் வரிசையில் நின்றார்கள்.

அம்மாவின் முடிவு அவ்வளவு பேருக்குத் தெரியாது. மகளுக்கும் அவளுக்கும் பேச்சுவார்த்தை நின்றுவிட்டது. ஓஸ் படத்தில் வரும் கொடிய மந்திரக்காரியே என் தாய்தான் என்கிற மாதிரி மகள் ஊரறியப் பேசினாள். லட்சக்கணக்கில் சம்பாதித்த பெண்ணைப் பெற்ற எதல், டக்ளஸ் விமானத் தொழிற்சாலையில் கூலிக்கு வேலை செய்துகொண்டிருந்தாள். 1953 ஜனவரியில் ஒருநாள், அந்தத் தொழிற்சாலையில் கார்கள் நிறுத்தும் வெளியில், கார்களுக்கு நடுவே இறந்து கிடந்தாள். இதைப் படித்த பிறகு என்னால் அவளை வெறுக்க முடியவில்லை. அவளுக்கும் மேடை ஆசை இருந்தது. அவளுக்கு அந்தக் குரல் இல்லை.

என்னைப் போன்ற ரசிகனைப் பற்றி என்ன சொல்லுவது? 2024 டிசம்பரில், அந்தப் படத்தில் டாரதி அணிந்த சிவப்புச் செருப்பு ஜோடிகளில் ஒன்று ஏலத்துக்கு வந்தது. 2005-இல் அவள் பிறந்த ஊரின் காட்சிசாலையிலிருந்து திருட்டுப்போய், 2018-இல் மீட்கப்பட்ட ஜோடி. கமிஷன் உட்பட 3 கோடியே 25 லட்சம் டாலருக்குப் போயிற்று. செத்தபோது கடன்காரியாக இருந்தவளின் செருப்பு! செய்தியைப் படித்து நான் தலையில் அடித்துக்கொண்டேன். பிறகு யோசித்தேன். நான் மட்டும் என்ன? ஏலத்தில் கேட்க என்னிடம் பணம் இல்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அந்தப் பாட்டுக்காக உட்கார்ந்தேனே. அந்தக் குரலைக் கேட்பதைப் பாவம் என்று நான் சொல்லமாட்டேன். கேட்காமல் இருந்தால் அவளுக்கு ஒரு வேளைத் தூக்கம்கூடத் திரும்பக் கிடைக்காது. ஆனால், 'அவ்வளவு கஷ்டப்பட்டாலும் எப்பேர்ப்பட்ட பாட்டு கிடைத்தது பாருங்கள்' என்று நண்பர்களிடம் பேசியிருக்கிறேன். அந்தப் பேச்சை இனி பேசமாட்டேன். கஷ்டம் அவள் கணக்கு. பாட்டு என் வரவு. இரண்டையும் கூட்டிக் கழித்து லாபம் சொல்ல நான் யார்?

நேற்றுச் சாயங்காலம் ஒரு நண்பர் வந்தார். வழக்கம்போல் பேத்தியைக் கூப்பிட்டேன். "இன்னிக்கு வேண்டாம் தாத்தா" என்றாள். "சரிம்மா" என்றுதான் சொன்னேன். ஆனால் என் முகம் வாடியிருக்க வேண்டும். அவள் ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தாள். பிறகு வந்து உட்கார்ந்து பாடிவிட்டாள். நண்பர் ரொம்பப் புகழ்ந்தார். வாடகையும் பங்குக்காரர்களும் இல்லாத வீட்டில்கூட ஒரு முகவாட்டம் போதுமாயிருக்கிறது. மேலே நான் வகுத்த வித்தியாசம் அத்தனை சுத்தமானதில்லை.

இன்று காலை என் மகள் போட்டிக்கான படிவத்தைக் கொண்டுவந்தாள். குழந்தையின் பெயர், வயது, உயரம், என்னென்ன பாட்டுத் தெரியும் எல்லாவற்றுக்கும் இடம் இருக்கிறது. அடியில் 'பெற்றோர் சம்மதம்' என்று ஒரு கோடு.

"என்னப்பா, அனுப்பலாமா? நீங்க சொல்லுங்க" என்றாள்.

"அவளைக் கேளு. நான் எதிரே இல்லாதபோது கேளு" என்றேன்.

சமையலறையில் கேட்டாளாம். "யோசிச்சுச் சொல்றேன்" என்று சொல்லிவிட்டுப் பள்ளிக்கூடம் போயிருக்கிறது குழந்தை. கடைசித் தேதி வெள்ளிக்கிழமை. இன்று புதன்.